பன்னெண்டு கை நாட்டு, மூணு வண்டி

திருட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க. மீதி இன்னா வேணா சொல்லுங்க, கேட்டுக்கறேன். வாயாடின்னு சொல்லுங்க, அடங்காப்பிடாரின்னு சொல்லுங்க, எங்கம்மா சொல்ற மாதிரி 'இவளுக்கு எதுக்கு ஊரு வம்பு'ன்னு சொல்லுங்க. திருட்டுன்னு சொன்னா மட்டும் எனக்கு கெட்ட கோவம் வரும். சேதி ஒங்க காதுக்கும் வந்திருக்கும், தெரியும். 'அம்சா விழுப்புரத்துல மூணு சக்கர வண்டிய திருடிகினு வந்துட்டாளாம், டைப்படிக்கிற பொண்ணு ஒருத்தி கூட்டாம்.' அந்த டைப்படிக்கிற பொண்ணு நான்தான். இருதயசெல்வி, தெருவுல கூப்புடறது இதயா. திண்டிவனம் ரயிலடிக்கி பின்னாடி எங்க ஊடு. நான் சொல்றத கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

அம்சாக்கா ஊட்டுக்கும் எங்க ஊட்டுக்கும் நடுவுல ஒரு தட்டி தான். அவங்க தும்முனா எங்களுக்கு கேக்கும். அக்காவுக்கு ரெண்டு பசங்க. பெரியவன் பெரியதம்பி, பதினாலு வயசு. ரெண்டு வயசுல ஜொரம் வந்து ரெண்டு காலும் சூம்பிப் போச்சி. நல்லா பேசுவான், பாடுவான், கிண்டல் பண்ணுவான், எழுந்து நிக்க மட்டும் முடியாது. சின்னவ பொன்னி, ஒம்போது வயசு. பொறந்ததுலேருந்தே காது கேக்காது, அதனால பேச்சும் வரல. ஆனா காலு பாருங்க, மானு மாதிரி ஓடுவா.

புருஷன் நடராசன் இருந்தாரு. பொன்னிக்கு காது கேக்கலன்னு டாக்டரு சொன்ன அன்னிக்கி ராத்திரியே 'ஒன் வயிறே சரியில்லடி'ன்னாரு. அப்புறம் கரும்பு வெட்ட சித்தூரு பக்கம் போறேன்னு போனவரு, அங்கயே இன்னொரு குடும்பம் வெச்சிகினாரு. ஏழு வருசம் ஆச்சி. ஒரு கடுதாசி கெடையாது.

தாலுக்கா ஆபீசுல போயி ஒதவித் தொகை கேட்டா, மேசையில ஒக்காந்திருந்தவரு தலைய தூக்காமயே கேட்டாரு. நானும் கூட போயிருந்தேன், என் காதால கேட்டேன்.

"புருஷன் செத்துட்டாரா?"

"இல்ல சார். உட்டுட்டு ஓடிட்டாரு."

"அப்ப விதவை இல்ல. செத்தா வா."

"எப்ப சார் சாவாரு?"ன்னு அம்சாக்கா கேட்டாங்க. நெசமாவே கேட்டாங்க. அவரு அப்பதான் தலைய தூக்கி பாத்தாரு.

சரி, பசங்க பேருல எதனா கெடைக்குமான்னு கேட்டா, இந்த சர்ட்டிபிகேட்டு வேணும், அந்த டாக்டரு கடலூர்ல இருக்காரு, பையன நேர்ல கூட்டிகினு வரணும். பதினாலு வயசுப் பையன இடுப்புல தூக்கிகினு பஸ் ஏறி எறங்கி கடலூரு போயிருக்கீங்களா நீங்க? போயி பாருங்க. போனா டாக்டரு லீவு.

அம்சாக்காவுக்கு மல்லாட்டை மண்டியில வேலை, வேர்க்கடலைய தான் நாங்க மல்லாட்டைம்போம். வெதை மல்லாட்டைய மெஷின்ல போட்டா பருப்பு ஒடஞ்சிடும், மொளைக்காது. அதனால பொம்பளைங்க கையால தான் ஒடைக்கணும். பெருவெரலு நகம் பிஞ்சி, ரத்தம் கட்டி, மறுபடி மொளச்சி, மறுபடி பிஞ்சி, அக்காவோட வெரல பாத்தா நகமா தோலான்னே தெரியாது. அதுல தான் மூணு பேரும் சாப்புட்டாங்க. கேப்பைக் கூழு, ஞாயித்துக்கெழமன்னா சோறு.

வேலைக்கி போறப்போ பசங்கள இன்னா பண்றது? இவனால நடக்க முடியாது, கத்த முடியும். அவளால ஓட முடியும், கேக்க முடியாது. ஒரு நாளு அடுப்பு நெருப்பு தெறிச்சி கோணி புடிச்சிகிச்சி. பெரியதம்பி தொண்ட கிழிய கத்துறான், பொன்னி முதுக காட்டிகினு வாசல்ல பாண்டி ஆடிகினு இருக்கா. தட்டியத் தாண்டி எங்கம்மா ஓடிப் போயி தண்ணிய ஊத்துனாங்க. அதுக்கு அப்புறம் அம்சாக்கா ஒரு வேலை பண்ணாங்க. மண்டியில மூட்டை தைக்கிற சணல் கயிறு இருக்குல்ல, அதுல ஒரு மொனைய பெரியதம்பி மணிக்கட்டுல, இன்னொரு மொனைய பொன்னி இடுப்புல. ஒரு இழுப்புன்னா தண்ணி. ரெண்டு இழுப்புன்னா ஒண்ணுக்கு, தகர டப்பா எடுத்தா. மூணுன்னா ஓடியா, ஆபத்து. நாலாவது ஒண்ணு அவங்களே கண்டுபுடிச்சிகினாங்க, சும்மா இழுத்துகினே இருந்தா 'எனக்கு போரடிக்குது'ன்னு அர்த்தம்.

தெருவுல இன்னா பேசுனாங்க தெரியுமா? 'பெத்த புள்ளைங்கள மாடு மாதிரி கட்டிப்போட்டுட்டு போறா.' பேசுனவங்கள்ல ஒருத்தராவது ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'நீ போ அம்சா, நான் பாத்துக்கறேன்'ன்னு சொன்னாங்களா? எங்கம்மாவையும் சேத்து தான் கேக்குறேன். நானும் சொல்லல. எனக்கு டைப்பு கிளாசு.

அப்புறம் பெரியதம்பிக்கி மாருல சளி கட்டி ஒரு வாரம் மூச்சு வாங்குச்சி. தனியா உட பயந்துகினு அக்கா அவன தூக்கிகினே மண்டிக்கி போனாங்க. அவன் சும்மா இருப்பானா, அங்க ஒக்காந்து அவனும் ஒடச்சான், பொம்பளைங்களுக்கு கத சொன்னான். மண்டிக்காரரு விருத்தாசலம் ரெண்டு நாளு பாத்தாரு. மூணாவது நாளு கூப்புட்டு, "இது மண்டியா, ஆசுபத்திரியா? சரக்கு எடுக்க வர்றவன் மொகம் சுளிக்கிறான். வர்ற திங்கக்கெழமலேருந்து தனியா வர்றதுன்னா வா. இல்லன்னா வேற ஆளு இருக்கு"ன்னுட்டாரு.

இதுல தான் நான் வர்றேன். 'ஐயோ பாவம்'னு சொல்லிட்டு நான் பண்ண வேலைய கேளுங்க.

இப்பத்தான் முடிஞ்சிதே எண்பத்தொண்ணு, அத ஊனமுற்றோர் வருசம்னு ஒலகம் பூரா கொண்டாடுனாங்கல்ல? எல்லா ஊருலயும் விழா, பேனரு, மைக்கு செட்டு. எங்க பக்கம் பெரிய மனுசங்க சேந்து நடத்துற சங்கம் ஒண்ணு இருக்கு. செயலாளரு சுப்பராயலு, ஜவுளிக்கடைக்காரரு. வருசம் முடியறதுக்குள்ள விழுப்புரத்துல விழா வெக்கிறோம், காலு இல்லாதவங்களுக்கு மூணு சக்கர வண்டி குடுக்குறோம்னு நோட்டீசு அடிச்சாரு. கையால பெடல சுத்துனா ஓடுமே, அந்த வண்டி. நான் படிக்கிற டைப்பு இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து, 'பேப்பரெல்லாம் அடிச்சி குடுக்க ஒரு பொண்ணு வேணும், சேவை தான்'னாரு. நான் தான் மொத ஆளா கைய தூக்கினேன். எனக்கு அவ்ளோ சந்தோசம்.

பெரியதம்பி பேர நான் தான் சேத்தேன். அம்சாக்காகிட்ட ஓடிப்போயி, "அக்கா, வண்டி வந்துடிச்சின்னா இன்னா ஆகும் தெரியுமா?"ன்னேன்.

அக்கா அதுக்குள்ள யோசிச்சி முடிச்சிட்டாங்க. "அவிச்ச மல்லாட்டைய ஒரு கூடையில வெச்சி வண்டியில கட்டிடுவேன். பஸ் ஸ்டாண்டு வாசல்ல இவன் கூவுவான், அவ அளந்து குடுப்பா. மண்டிக்கி எதிர்ல தான? எட்டிப் பாத்தா ரெண்டும் தெரியும். நான் தனியா வேலைக்கி போவேன்"ன்னாங்க. பெரியதம்பி அப்பவே கூவிப் பாத்தான். "சூடு... மல்லாட்டேய்!" எங்க ஊட்டு கோழியெல்லாம் ஓடிச்சி.

ஞாயித்துக்கெழம விழா. திங்கக்கெழம விருத்தாசலம் வெச்ச கெடு. புரியுதுல்ல, ஒரே ஒரு ராத்திரி தான் நடுவுல.

ரசீது நான் தான் அடிச்சேன். பன்னெண்டு பேரு, ஒவ்வொருத்தருக்கும் மூணு பேப்பரு, நடுவுல கார்பன் வெச்சி. 'மேற்படி சங்கத்தாரிடமிருந்து மூன்று சக்கர வண்டி ஒன்று நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' சுப்பராயலு சொன்னது அவ்ளோ தான். எனக்கு அது மொட்டையா இருக்குற மாதிரி தோணிச்சி. நானா ஒரு வரி சேத்தேன். 'இன்று முதல் இந்த வண்டி எனக்கே சொந்தம்.' அத அடிக்கிறப்போ எனக்கு ஒடம்பு சிலுத்துது. சுப்பராயலு படிக்காமயே, "நல்லா இருக்கும்மா, பரீச்ச பாஸ் பண்ணு, நம்ம கடையிலயே கணக்கெழுத வெச்சிக்கறேன்"னாரு.

ஞாயித்துக்கெழம காலையில ஒம்போது மணிக்கே கல்யாண மண்டபத்துல கொண்டாந்து ஒக்கார வெச்சிட்டாங்க. பெருமுக்கல்லேருந்து ஒரு பையன், அவன அவங்கப்பா தோளுல ஒக்கார வெச்சே தூக்கிகினு வந்தாரு. பிரம்மதேசத்துலேருந்து சின்னபொண்ணுன்னு ஒரு அம்மா, நாப்பது வயசு, கையால ஊனி ஊனி தான் வருவாங்க. கோட்டக்குப்பத்துலேருந்து ரெண்டு பேரு. பத்து மணிக்கி வரவேண்டிய விழாத் தலைவரு ஒரு மணி வரைக்கும் வரல. தண்ணி கெடையாது. பின்னாடி ஒரு கக்கூசு, அதுக்கு நாலு படி. காலு இல்லாதவங்களுக்கு விழா, கக்கூசுக்கு நாலு படி! எவன் யோசிச்சான்?

அந்த நேரத்துல சுப்பராயலு என்கிட்ட மை டப்பாவ குடுத்து, "சும்மா தான ஒக்காந்திருக்காங்க. கை நாட்டு வாங்கிடும்மா. அப்புறம் கூட்டத்துல முடியாது"ன்னாரு.

நான் ஒவ்வொருத்தருகிட்டயா போனேன். பெருவெரல புடிச்சி மையில ஒத்தி, சங்கத்து முத்திரை குத்துன ரசீதுல ஒத்தி, சாட்சின்னு போட்டு கீழ என் கையெழுத்து. அம்சாக்கா மட்டும் கைய குடுக்கல.

"வண்டி எங்க இதயா?"

"மேடைக்கி பின்னாடி நிக்குது அக்கா. நானே பாத்தேன், புத்தம் புதுசு, செவப்பு கலரு."

"இன்னும் கைக்கே வரல. வாங்கிகினேன்னு எப்படி வெக்கிறது?"

"அது சும்மா ஒரு ரூல்ஸு அக்கா. வெய்யி."

நான் சொன்னேன். 'வெய்யி'ன்னு நான் தான் சொன்னேன். அக்கா என் மூஞ்ச பாத்துகினே வெச்சாங்க.

கார்பன் பழசு. அக்காவோட ரசீதுல மூணாவது பேப்பரு மங்கலா விழுந்திருந்தது. சுப்பராயலு பாத்துட்டு, "இது தெரியல, வேற வாங்கு"ன்னாரு. எக்ஸ்ட்ராவா அடிச்சி வெச்சிருந்த வெத்து ரசீதுல பேர எழுதி மறுபடியும் கை நாட்டு வாங்கினேன். அந்த மங்கல் பேப்பரு என் நோட்டுல மடிச்சபடி இருந்துடுச்சி. எழுத்து மங்கல், வெரலு மட்டும் கரு கருன்னு இருக்கும். அத மறந்துடாதீங்க.

தலைவரு வந்தாரு. மாலை, சால்வை, பேச்சு. 'இவர்கள் கடவுளின் குழந்தைகள்'னாரு. கடவுளோட கொழந்தைங்கன்னா கடவுளு வந்து தூக்கிகினு போவட்டுமே, ஏன் அம்சாக்காவோட இடுப்பு ஒடையுது? கைதட்டுனாங்க. நானும் தட்டினேன்னு நெனைக்கறேன்.

அப்புறம் பேர கூப்புட்டாங்க. பெருமுக்கல் பையன தூக்கி வண்டியில வெச்சாங்க, தலைவரு தோளுல கைய போட்டாரு, போட்டோ. எறக்குனாங்க. அதே வண்டியில கோட்டக்குப்பத்து ஆளு. போட்டோ. எறக்குனாங்க. அதே மூணு வண்டி தான், சுத்தி சுத்தி. மீதி ஒம்போது வண்டி லாரியில வருதாக்கும்னு நான் வாசல பாத்துகினே இருந்தேன். முட்டாளு.

பெரியதம்பி பேரு கடைசி. வண்டியில ஒக்காந்ததும் அவன் கேமராவ பாக்கல, பெடல தான் பாத்தான். ஒரு சுத்து சுத்துனான். வண்டி மேடையிலயே ரெண்டடி நவுந்திச்சி. அவன் சிரிச்சான் பாருங்க. காலு சூம்புனதுக்கு அப்புறம் அவனா நவுந்த மொத ரெண்டடி அது.

போட்டோ ஆச்சி, தலைவரு கார் ஏறிட்டாரு. தொண்டரு பேட்ஜு குத்திகினு இருந்த ஒருத்தன் வந்தான், சீனுவாசன்னு பேரு, சுப்பராயலு கடையில வேலை செய்யறவன்.

"எறங்குப்பா, ஜல்தி. வேன்ல ஏத்தணும்."

"எங்க ஏத்துற?"ன்னு அம்சாக்கா கேட்டாங்க.

"பண்ருட்டிக்கிம்மா. அடுத்த ஞாயித்துக்கெழம அங்க விழா."

"இது என் பையனுது. கை நாட்டு வெச்சேன்."

"அதெல்லாம் சொல்லி அனுப்புவாங்கம்மா. லிஸ்ட்ல ஒன் பேரு இருக்குதுல்ல? பேஜாரு பண்ணாத."

"எப்ப சொல்லி அனுப்புவீங்க?"

"சொல்லி அனுப்புவோம்."

"நாளைக்கி திங்கக்கெழமப்பா."

"அதுக்கு நான் இன்னாம்மா பண்றது? திங்கக்கெழம வாரா வாரம் வருது."

நான் சுப்பராயலுகிட்ட ஓடினேன். "சார், பன்னெண்டு ரசீது வாங்கியிருக்கோம், மூணு வண்டி தான் இருக்குது"ன்னேன்.

அவரு சிரிச்சாரு. கோவப்பட்டிருந்தா கூட தாங்கியிருப்பேன். "செல்வி, பணம் குடுத்தவங்களுக்கு கணக்கு காட்டணும். அதுக்கு பேப்பர் தான் வேணும். இவங்களுக்கு இன்னிக்கி ஒரு சந்தோசம், மேடை, போட்டோ. அது கெடைச்சிதில்ல? நீ சின்னப் பொண்ணு, போ, சாப்பாடு போடுறாங்க பாரு."

சந்தோசமாம். ஒரு சுத்து பெடல சுத்த உட்டு எறக்கி தரையில ஒக்கார வெச்சா, அது சந்தோசமாம்!

நான் திரும்பி வர்றப்போ சீனுவாசன் பெரியதம்பியோட வெரல ஒவ்வொண்ணா பெடல்லேருந்து பிரிச்சிகினு இருக்கான். பெரியதம்பி அழுவல, பல்ல கடிச்சிகினு இருக்கான். பெருமுக்கல் பையனோட அப்பா ஓரமா நின்னு அத பாத்துகினு இருந்தாரு, பையன் மறுபடியும் அவரு தோளுல. அம்சாக்கா கத்துவாங்கன்னு நெனச்சேன். கத்தல. ரொம்ப மெதுவா சொன்னாங்க.

"தம்பி, காலையிலேருந்து பையன் ஒண்ணுக்கு போவல. நீ இப்ப தூக்குனா அடக்க மாட்டான்."

சீனுவாசன் கைய எடுத்துட்டான். புது சீட்டு, ரெக்சினு. "ஐயய்யோ, மேல போயிடப் போறான்மா! கூட்டிகினு போ, வண்டியோடவே கூட்டிகினு போ, பின்னாடி போயிட்டு சீக்கிரமா வா!"

அக்கா வண்டிய தள்ளிகினு பின்பக்கம் போனாங்க. பொன்னி முன்னாடி ஓடுறா. கக்கூசு வந்திச்சி, நாலு படி வந்திச்சி, அக்கா நிக்கல. அதத் தாண்டி சமையக்கட்டு, அதத் தாண்டி எச்சல எல போடுற எடம், அங்க ஒரு சின்ன கேட்டு. கேட்டுக்கு அந்தாண்ட தெரு. அக்கா திரும்பி என்ன ஒரு பார்வ பாத்தாங்க. கூப்புடல. வராதன்னும் சொல்லல. நான் நோட்ட மாரோட அணச்சிகினு ஓடினேன்.

பஸ்ஸுல ஏத்த மாட்டான், ரயிலுக்கு போனா புடிச்சிடுவாங்க. அக்கா நேரா ரோட்ட புடிச்சாங்க. திண்டிவனம் இருபத்தி மூணு மைலு. மேக்கால வெயிலு சாஞ்சி நெழலு நீளமா விழுது, லாரி ஒவ்வொண்ணும் காத்தடிச்சிகினு தாண்டுது. பொன்னி தன் இடுப்புல கட்டியிருந்த சணல் கயித்த அவுத்து வண்டி முன்கம்பியில கட்டி இழுக்க ஆரம்பிச்சா. யாரும் சொல்லல அவளுக்கு. பெரியதம்பி சுத்துறான், சுத்துறான், தோளு ரெண்டும் வேர்த்து ஊத்துது.

"டேய், மெதுவாடா, கையி போயிடும்."

"காலு தான் போச்சி, கை இருக்குதும்மா! நீ பின்னாடி மெதுவா நடந்து வா!"

பெத்தவகிட்ட 'நீ பின்னாடி வா'ன்னு அவன் சொல்றது அது தான் மொத தடவ. அக்கா முந்தானையால மூஞ்ச தொடச்சிகினே நடந்தாங்க.

இருட்டுற நேரத்துக்கு விக்கிரவாண்டி வந்து ஒரு டீக்கடையில நின்னோம். பசங்களுக்கு ஆளுக்கொரு பன்னு. அப்ப தான் வெள்ளக் காரு ஒண்ணு வந்து சர்ர்ருன்னு நின்னுச்சி. பஸ் ஸ்டாண்டு, ரயிலு எல்லாம் தேடிட்டு வந்திருக்காங்க. நடக்க முடியாத பையன வெச்சிகினு ரோட்டுல போவாங்கன்னு அவங்களுக்கு தோணவே இல்ல.

சுப்பராயலு எறங்குனாரு. "திருட்டுக் கழுத! சங்கத்து வண்டிய திருடிகினு ஓடுறியா? ஒன்ன போலீசுல குடுத்து உள்ள வெக்கல..."

டீக்கடையில இருந்தவங்க எல்லாம் எழுந்துட்டாங்க. அம்சாக்கா வண்டிக்கி முன்னாடி போயி நின்னாங்க.

"குடு. போலீசுல குடு. உள்ள வெய்யி. என்ன உள்ள வெச்சா இவனுக்கு தகர டப்பா யாரு எடுத்து குடுப்பா? நீ குடுப்பியா? ஒன் பொண்டாட்டி குடுப்பாளா? இவனுக்கு மீச வந்தா யாரு தூக்குவா, எனக்கு இடுப்பு போச்சின்னா யாரு தூக்குவா? சொல்லு, சொல்லிட்டு வண்டிய எடுத்துகினு போ!"

"இதெல்லாம் என்கிட்ட ஏன் சொல்ற? வண்டி சங்கத்துது."

அப்ப தான் எனக்கு நோட்டு ஞாபகம் வந்திச்சி. அந்த மங்கல் பேப்பர எடுத்தேன். பெட்ரமாக்ஸ் வெளிச்சத்துல புடிச்சி சத்தமா படிச்சேன். 'மூன்று சக்கர வண்டி ஒன்று நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். இன்று முதல் இந்த வண்டி எனக்கே சொந்தம்.' தேதி, சங்கத்து முத்திரை, வெரலு.

டீ ஆத்திகினு இருந்தவரு கேட்டாரு, "எழுதி வாங்கிகினு வண்டிய குடுக்கலியா? அப்ப யாருங்க திருடுனது?" கூட்டமே சிரிச்சிடுச்சி. லாரி டிரைவரு ஒருத்தரு வெறும் கோணி ஏத்திகினு திண்டிவனம் போறவரு, "ஏத்துங்கய்யா வண்டிய"ன்னு எறங்கி வந்தாரு. நாலு பேரு தூக்கி மேல வெச்சிட்டாங்க, பெரியதம்பியோட.

சுப்பராயலு என் பக்கம் வந்து, அடிக்கொரலுல சொன்னாரு. "சாட்சின்னு யாரு கையெழுத்து போட்டது, பாத்தியா? குடுக்காத வண்டிய குடுத்ததா பன்னெண்டு பேப்பர்ல சாட்சி. அவ திருடின்னா நீ பொய் சாட்சி. பரீச்ச, வேலை, எல்லாத்தையும் மறந்துடு."

நான் பேப்பர நோட்டுல மடிச்சி வெச்சேன். லாரியில ஏறி பொன்னி பக்கத்துல ஒக்காந்தேன்.

மறுநா திங்கக்கெழம. அம்சாக்கா ஏழு வருசத்துல மொத தடவையா பசங்கள ஊட்டுல தனியா உடாம, இடுப்புலயும் தூக்காம, வெறுங்கைய வீசிகினு மண்டிக்கி போனாங்க. விருத்தாசலம் பாத்துட்டு கோணிய விரிக்க எடம் காட்டுனாரு. எதிர்ல பஸ் ஸ்டாண்டு வாசல்ல, வண்டியில கூடைய கட்டிகினு பெரியதம்பி கூவுறான், பொன்னி அளக்குறா. கயிறு இப்பவும் இருக்குது, ஆனா முழ நீளம் தான். ஒரு இழுப்புன்னா ஒரு படி. ரெண்டுன்னா அரப்படி. மத்தியானத்துக்குள்ள கூடை காலி.

நாலு நாளு நல்லா போச்சி. நேத்து ஏட்டு ஒருத்தரு வந்தாரு. மல்லாட்டைய வாங்கி உரிச்சி தின்னுகினே சொன்னாரு, காசும் குடுத்தாரு, அத மறைக்க மாட்டேன். "கம்ப்ளெய்ன்ட்டு வந்திருக்குது தம்பி. அடுத்த சனிக்கெழம பத்து மணிக்கி ஒங்கம்மாவ வண்டியோட ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு."

வண்டியோட. வண்டி உள்ள போனா வெளிய வருமா? கேசு முடியற வரைக்கும் வேப்ப மரத்தடியில துருப்புடிச்சி நிக்கும். மறுபடியும் சணல் கயிறு, தகர டப்பா, வேற ஆளு இருக்குன்னு விருத்தாசலம். சுப்பராயலும் சீனுவாசன்கிட்ட சொல்லி அனுப்புனாரு. வண்டிய சத்தமில்லாம திருப்பிக் குடுத்துட்டா கம்ப்ளெய்ன்ட்டு வாபசு, எனக்கும் வேலை உண்டாம். அம்சாக்கா தட்டிக்கி அந்தாண்டேலேருந்து, "இதயா, நீ ஒதுங்கிக்க. ஒனக்கு கல்யாணம் காச்சி ஆவணும். நான் பாத்துக்கறேன்"னாங்க.

'நான் பாத்துக்கறேன்.' அவங்களுக்கு யாருமே சொல்லாத வார்த்த, எனக்கு அவங்க சொல்றாங்க. எனக்கு எப்படி இருக்கும்?

ராத்திரி பூரா தூக்கம் வரல. காலையில திடீர்னு தோணிச்சி, இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடியாந்து டைப்பு மெஷின்ல ஒக்காந்துட்டேன். என் நோட்டுல பன்னெண்டு பேரோட பேரும் வெலாசமும் இருக்குது, நான் தான எழுதினேன். பன்னெண்டு பேரும் வண்டிய 'பெற்றுக்கொண்டவங்க'. பேப்பரு அப்படி தான் சொல்லுது, சங்கமே அப்படி தான் கணக்கு காட்டுது. அப்ப, அம்சாக்கா வண்டி மட்டும் தான் அம்சாக்காகிட்ட இருக்குது. மீதி பதினோரு பேரோட வண்டி எங்க? காணாமப் போச்சி! காணாமப் போனா எங்க போயி சொல்லணும்? ஸ்டேஷன்ல!

பதினோரு தபால் கார்டு வாங்கி அடிச்சிட்டேன். 'தங்களுக்குச் சொந்தமான வண்டியைக் காணவில்லை. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு திண்டிவனம் வந்து புகார் கொடுக்கவும். சாட்சி நான் இருக்கிறேன்.' பெருமுக்கல் அப்பா பையன தோளுல வெச்சிகினு வரட்டும். சின்னபொண்ணம்மா கைய ஊனிகினு வரட்டும். நானும் உண்மைய சொல்லிடுவேன், 'குடுக்காமயே கை நாட்டு வாங்குனேன், நான் தான் வாங்குனேன், என்ன இன்னா பண்ணணுமோ பண்ணுங்க'ன்னு. பரீச்ச போனா போவட்டும்.

இப்ப மணி நாலே முக்கால். அஞ்சு மணிக்கி ரயிலடி பொட்டியில தபால் எடுப்பாங்க. கார்டு பதினொண்ணும் என் கையில தான் இருக்குது. யோசிச்சிப் பாருங்க, சனிக்கெழம பத்து மணி, பெரியதம்பி அவன் வண்டியில ஒக்காந்து வர்றான், அவனுக்கு பின்னாடி பதினோரு பேரு வரிசையா ஸ்டேஷன் வாசல்ல வந்து 'எங்க வண்டிய காணோங்க, கண்டுபுடிச்சி குடுங்க'ன்னு நின்னா எப்படி இருக்கும்? போட்டுடட்டுமா? நீங்க இன்னா சொல்றீங்க?